சித்தியின் நட்சத்திரத்தில் அரை மணி நேரம்

சித்தியின் கல்யாணப் பேச்சை என் கம்ப்யூட்டர்தான் கெடுத்தது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் நம்பினார்கள். நானும்தான்.

அப்போது நான் கல்லூரியில் கணினிப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான்; அண்ணன் அதோடு வேலைக்குப் போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவோடு பால்வெட்டுக்குப் போனவர்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, ஆறாம் வகுப்போடு நின்றவள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது எல்லோருமாக மலாக்காவுக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு சந்து வீட்டில் குடியேறினோம். சித்தி கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். நாற்பதை நெருங்கியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று, வந்த வரன் எல்லாம் ஜாதகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போனது.

கல்லூரியில் அந்த செமஸ்டருக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை, ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன லைப்ரரி எழுதுவது. லைப்ரரி என்றால் புத்தகம் வைக்கிற இடம் இல்லை. அடிக்கடி தேவைப்படுகிற சில்லறை வேலைகளைச் செய்யும் குட்டிக் குட்டி ஃபங்ஷன்களின் தொகுப்பு. பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியைச் சுரண்டி எடுக்க ஒன்று, ஒரே மாதிரி இரண்டு முறை வந்ததை நீக்க ஒன்று, தேதியைப் படிக்கிற மாதிரி எழுதிக் காட்ட ஒன்று. இதையெல்லாம் உலகத்தில் பல பேர் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் விரிவுரையாளர் அதில் ஒரு வரிகூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு வரியும் நாங்களே எழுதியதாக இருக்க வேண்டும். கடைசியில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடியும் அதே பாடம்.

என்னுடைய லைப்ரரியில் மற்றவர்களிடம் இல்லாத ஒரு ஃபங்ஷன் இருந்தது. மலேசிய நேரத்தைக் கொடுத்தால் இந்திய நேரத்தைச் சொல்லும். பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் அச்சாகி வருகிறது. நாம் பிறப்பதோ இங்கே. அதனால் இங்கே ஜாதகம் எழுதுகிறவர்கள் முதலில் பிறந்த நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழிப்பார்கள். கோயிலில், வீட்டில், கல்யாணப் பேச்சில் எங்கே பார்த்தாலும் அந்தக் கழித்தலை விரல் விட்டுச் செய்வதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதை நூற்றைம்பது நிமிடம் என்று எழுதி, என் பிறந்த நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் புக்கிட் காதிலிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளி வேன் ஓட்டுகிறவர், சித்தியைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவருக்கும் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அம்மா மட்டும்தான் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சித்தியிடம் கடையைப் பற்றிக் கேட்டார், சித்தி அவரிடம் வேன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சித்தி அப்படி ஓர் ஆணோடு சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர்கள் கிளம்பும்போது அந்த அம்மா, "எல்லாம் சரிதான். ஜாதகத்த மட்டும் ஒருக்கா பாத்துக்கலாம்" என்றார். சித்தியின் முகம் அங்கேயே மூடிக்கொண்டது.

ஜோதிடர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு மசாலைக் கடையின் மாடியில் இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் போனோம். சித்தியின் ஜாதகம் அவளுக்கு இருபது வயதாகும்போது வேறு யாரோ எழுதியது. "பழைய ஜாதகம் கெடக்கட்டும் சாமி, பொறந்த நேரத்த வச்சு நீங்களே புதுசாப் பாருங்க" என்று அம்மா கெஞ்சினாள். அதுதான் அவளுக்கு இருந்த கடைசி நம்பிக்கை.

ஜோதிடர் சித்தி பிறந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலை மடக்கினார்.

"மத்தியானம் ஒன்னே முக்கால். ரெண்டரை போச்சுன்னா நம்ம ஊர்ல காலை பதினொன்னே கால். அன்னிக்குப் பதினொன்னரை வரைக்கும் ஆயில்யம். அதுக்கப்புறம்தான் மகம். கால் மணி நேரத்துல தவறிப்போச்சேம்மா."

"இன்னொரு தடவ கூட்டிக் கழிச்சுப் பாருங்க சாமி."

அப்போது நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கல்லூரிக்குப் போகிறவள் இந்த அறையில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். நேரத்தைத் தட்டினேன். திரையில் பதினொன்றே கால் என்று வந்தது. அதை எல்லோரும் பார்க்கிற மாதிரித் திருப்பியும் வைத்தேன்.

ஜோதிடர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, படிச்ச பிள்ளையோட மிஷினும் என் விரலும் ஒன்னத்தான் சொல்லுது."

மாப்பிள்ளையின் அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். "கம்ப்யூட்டரே சொல்லிருச்சு. இனிமே என்னா இருக்கு" என்றார். பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்து, "கோயில்ல பூ போட்டுப் பாத்துட்டு அடுத்த ஞாயித்துக்கிழம சொல்றோம்" என்றார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய்விட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது சித்தி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "உன்ன யாருடி கேட்டா?"

அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. சித்தி காலையில் பசியாறாமல் கடைக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அம்மா துணி காயப்போடும்போது என்னைப் பார்த்து, "ஜாடி?" என்று மலாயில் கேட்டார், கல்யாணம் கூடிவந்ததா என்று. எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். "பெலும்" என்றேன். இன்னும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கே உள்ளேயிருந்து அம்மா, "ஊருக்கெல்லாம் தந்தி அடி" என்று கத்தினாள்.

புதன்கிழமை விரிவுரையாளர் என் லைப்ரரியைப் பார்த்தார். மலாய்க்காரப் பெண்மணி; எங்களுக்குப் புவான். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். மற்ற ஃபங்ஷன்களை வேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்திய நேரத்தில் நின்றார்.

"இந்த நூற்றைம்பது எங்கிருந்து வந்தது?"

"இரண்டரை மணி நேரம், புவான். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"எல்லாரும் உன் லைப்ரரிக்குள்ளே உட்கார்ந்திருக்கிறார்களா?"

அவர் என் சோதனைப் பக்கத்தைத் திறந்தார்.

"உன் ஒருத்தியின் பிறந்தநாளை வைத்துத்தான் சோதித்திருக்கிறாய். இது சோதனை இல்லை, செல்ஃபி. பிரவுசருக்கும் நேர மண்டலங்கள் தெரியும். பழைய தேதி, புதிய தேதி எல்லாவற்றையும் கொடுத்து, அது சொல்வதையும் நீ சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வை. ஒத்துப்போகாவிட்டால் வெள்ளிக்கிழமை அங்கே வந்து நிற்காதே."

அன்று மத்தியானம் கணினி அறையில் உட்கார்ந்து வீட்டில் இருக்கிற எல்லோருடைய பிறந்த நேரத்தையும் போட்டேன். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று எழுதியிருந்தேன். நான், பச்சை. அண்ணன், பச்சை. அப்பா, சிவப்பு. அம்மா, சிவப்பு. சித்தி, சிவப்பு.

சிவப்பான மூன்று இடத்திலும் வித்தியாசம் ஒரே அளவுதான். முப்பது நிமிடம். ஜாவாஸ்கிரிப்ட் ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணும், அதில் தடுக்கி விழாதவர்கள் கிடையாது. அதைச் சரிபார்த்தேன், அங்கே தவறில்லை. கழித்தலைப் பிரித்துத் திரும்ப எழுதினேன், அப்படியும் முப்பது. நான் எழுதியதைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், பிரவுசரைக்கூட. வேறு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து ஓட்டினேன். அங்கேயும் அதே மூன்று சிவப்பு.

கடைசியில் ஆண்டு ஆண்டாகப் பின்னால் போகச் சொல்லி ஒரு சின்னச் சுற்று எழுதினேன். எண்பத்திரண்டு ஜனவரி வரை பச்சையாக வந்து, எண்பத்தொன்று டிசம்பர் கடைசி நாளில் சிவப்பாக மாறியது. அங்கிருந்து அறுபதுகள், நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டு, அதற்கும் முன்னால் வரை அதே அரை மணி நேரம். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. தவறு என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். இது யாரோ கோடு கிழித்த மாதிரி இருந்தது.

தேடிப் படித்தேன். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எண்பத்திரண்டு பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக் மாநில நேரத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நமக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்தது இரண்டரை மணி நேரம் இல்லை. இரண்டு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ சின்னப் பிள்ளையா இருந்தப்ப கடிகாரத்த மாத்துனாங்களா?"

"ஆமா. கணக்கெழுதுற கெராணி லயம் லயமா வந்து சொல்லிட்டுப் போனாரு, எல்லாரும் கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வைங்கன்னு. நம்ம வீட்டுல எங்க கடிகாரம். ஆனா விடியக்காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்குப் போறப்ப தெரிஞ்சது. அதே மணிதான் அடிக்குது, வெளியில கும்மிருட்டு. ஆத்தா திட்டிக்கிட்டே போகும், அரை மணி தூக்கத்தத் திருடிட்டானுங்கன்னு."

"இத ஏம்மா யாருமே சொல்லல?"

"யாரு கேட்டா?"

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. பெரட்டுக்குப் போனவர்களுக்குக் கடிகாரம் நகர்ந்தது தெரியும். பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்கு இரண்டரை தெரியும். இரண்டும் ஒரே மேசைக்கு வந்ததே இல்லை.

சித்தி பிறந்தது எண்பத்திரண்டுக்கு முன்னால். ஒன்றே முக்காலில் இரண்டு மணி போனால் பதினொன்றே முக்கால். பதினொன்றரைக்கு ஆயில்யம் முடிந்துவிட்டது. சித்தி மகம்.

அவள் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப அந்த ஜொகூர்காரரு?" என்றாள். "அந்த டீச்சரு? கிள்ளான்லேருந்து ரெண்டு தடவ வந்துட்டுப் போனாங்களே, அவங்க? எல்லாம் சும்மாவா?"

"சித்தி, இப்ப சரியாயிருச்சே. ஞாயித்துக்கிழம நான் போய்ச் சொல்றேன்."

"சொல்லாத." அவள் செருப்பை உதறிக் கழற்றினாள். "போன வாரம் நீயே ஆயில்யம்னு காட்டுன. இந்த வாரம் மகம்னு போய் நிப்பியா? கல்யாணத்துக்கு அலையிற பொம்பள நட்சத்திரத்தையே மாத்திக்கிட்டான்னு சொல்லுவாங்க. அந்த அம்மா ஜாதகத்தத் திருப்பிக் குடுக்கட்டும். வாங்கி வச்சுக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்."

அம்மா வெங்காயக் கையோடு வந்து, "பேசாம இரு. பிள்ள சொல்லட்டும்" என்றாள். சித்தி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் முன்னால் நின்றேன். ஃபங்ஷனைத் திருத்தியிருந்தேன். எண்பத்திரண்டுக்குப் பிந்தியதென்றால் நூற்றைம்பது, முந்தியதென்றால் நூற்றிருபது. அதற்கும் பின்னால், போர்க் காலத்துக்குப் போனால், தெரியாது என்று சொல்லிவிடும். அந்தக் கடைசி வரியைத்தான் ஒருவர் தொட்டார். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு ஃபங்ஷனா என்றார். தெரிந்த மாதிரிச் சொல்லி ஒரு குடும்பத்தையே உட்கார வைத்துவிட்டேன் ஐயா என்று சொல்ல வந்து, சொல்லவில்லை. தப்பான பதிலைவிட அது பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன். விரிவுரையாளர் சிவப்புப் புள்ளிகளைக் கேட்டார், எல்லாம் பச்சை என்று காட்டினேன். தேர்ச்சி என்று அங்கேயே சொன்னார்கள். வெளியே வந்தபோது என் கால் தரையில் படவில்லை. ஒரு நாட்டின் கடிகாரத்தையே கையில் வைத்திருப்பவள் போல, ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஞாயிறு மாலை. அதே மசாலைக் கடையின் மாடி. கீழே மிளகாய் இடித்துக்கொண்டிருந்ததால் ஆளாளுக்குத் தும்மினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள் தடவிய உறையை மடியில் வைத்திருந்தார். அதற்குள் சித்தியின் ஜாதகம். திருப்பிக் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் உறையை நீட்டுவதற்குள் நான் சொல்ல ஆரம்பித்தேன். கடிகாரம், கெராணி, பெரட்டு, அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். பதினொன்றே முக்கால்.

பிறகு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரம் ஆயில்யம். இந்த வாரம் மகம். பொண்ணு வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா வாரத்துக்கு ஒரு நட்சத்திரத்துல பொறக்கலாம் போல."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது.

"கம்ப்யூட்டர விடுங்க பெரியம்மா," என்றேன். "கடிகாரத்த மாத்துனது உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?"

"ஏன் இல்லாம? எனக்கு அப்பவே கல்யாணம் ஆகிப் பிள்ள இருந்துச்சு." அவர் சட்டென்று நிறுத்தினார்.

ஜோதிடரின் முகம் வெளுத்திருந்தது. பஞ்சாங்கத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நான் இங்க வந்தப்ப ரெண்டரை கழிக்கணும்னு சொன்னாங்க. கழிச்சேன். அதுக்கு முன்னால வேற கணக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. இந்தப் பிள்ள சொல்றது சரின்னுதான் படுது. பொண்ணு மகம்."

அம்மா, "முருகா" என்றாள். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்க, இன்னும் முடியல," என்றார் ஜோதிடர். "மாப்பிள்ளையும் அந்தக் கடிகாரத்துலதான் பொறந்திருக்கார். அவர் ஜாதகமும் ரெண்டரை கழிச்சு எழுதுனது. பொண்ணுக்குப் புதுக் கணக்கு, பையனுக்குப் பழைய கணக்குன்னு வச்சு என்னால பொருத்தம் பாக்க முடியாது. திறந்தா ரெண்டையும் திறக்கணும். இல்லாட்டி ரெண்டும் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

எனக்கு இது தோன்றவே இல்லை. நான்கு நாளாக அந்த அரை மணி நேரத்தோடு படுத்து எழுந்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட்டேன்.

"என்ன மாறும் சாமி?" அந்த அம்மாவின் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"திறந்து பாத்தாத்தான் தெரியும். தசை இருப்பு கண்டிப்பா கொஞ்சம் நகரும். மத்தது ஒன்னும் மாறாமலும் போகலாம்."

"திறங்க," என்றார் மாப்பிள்ளை. அந்த அறையில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். என்னைப் பார்த்து, "காலையில ஏழு மணி இருபது நிமிசம், தங்கச்சி. உங்க கம்ப்யூட்டர்ல போடுங்க. எனக்கு இந்தப் பொண்ணுதான். பாத்து முடிச்சுருவோம்" என்றார்.

என் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது. அந்த அம்மா எட்டி லேப்டாப்பின் மூடியை அப்படியே அமுக்கினார். என் விரல் உள்ளே மாட்டியது.

"வேணாம்."

"அம்மா..."

"வேணாம்னு சொல்றேன்ல." அவர் கை மூடியைவிட்டு எடுபடவில்லை. "டெங்கி வந்து நீ ஆஸ்பத்திரியில கெடந்த. டாக்டர் வந்து என்னமோ சொன்னான், எனக்கு ஒன்னும் புரியல. உன் ஜாதகத்துல தீர்க்காயுசுன்னு எழுதியிருக்கு. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். இப்ப அதத் திறந்து, அது அங்க இல்லன்னு இந்தப் பிள்ள சொல்லிட்டா? நான் எங்க போவேன்?"

அவர் மடியிலிருந்த மஞ்சள் உறை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவருக்குச் சுலபமான வழி. நாங்கள் எல்லோரும் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை எழுந்தார். "அப்ப நான் இப்படியே இருந்துட்டுப் போறேம்மா. இனிமே பொண்ணு பாக்கப் போகாத." கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

அந்த அம்மா குனிந்து உறையை எடுத்தார். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். சித்தியைப் பார்த்துக் கேட்டார்.

"ஆயில்யம் யாருக்கு ஆகாது?"

சித்தி நிமிரவில்லை. "மாமியாருக்குன்னு சொல்லுவாங்க."

"மாமியார் யாரு?"

அந்த அம்மா உறையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"நான்தானே? எனக்கு எழுபது தாண்டிருச்சு. எனக்கு வர்றது எனக்கு வரட்டும். அவன் ஜாதகத்துல யாரும் கை வைக்கக் கூடாது." ஜோதிடர் பக்கம் திரும்பினார். "ரெண்டும் பழைய கணக்காவே இருக்கட்டும் சாமி. இவ ஆயில்யம்தான். ஆயில்யமாவே வரட்டும். நாள் பாருங்க."

உறை அவர் கைப்பைக்குள் போனது. அம்மா அழுதாள். அப்பா ஜோதிடரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வலிக்கிற விரலை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் முன்னால் தேர்ச்சி பெற்ற என் பதில் சரி என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் வேண்டாம் என்றார். கணக்குத் தெரியாதவர்களை நான் சமாளித்திருப்பேன். இதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

காரில் அப்பாவும் அம்மாவும் முன்னால். சித்தியும் நானும் பின்னால். கார் பெண்டஹாராவைத் தாண்டியது. சித்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மகமாப் போயிருக்கலாம் அந்த வீட்டுக்கு. இனிமே அந்தம்மா ஒரு இருமல் இருமுனாலும் எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"இருமுனா எனக்குப் போன் போடு சித்தி. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வரேன்."

"வந்து கிழிச்ச." ஆனால் லேசாகச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நெஜமாவே மகம்தானே?"

"நெஜமா."

அவள் தலையாட்டிக்கொண்டாள். கார் காஜா பெராங் சாலையில் திரும்பியது. என் மடியில் லேப்டாப் இருந்தது. அவள் கண் அதன்மேல் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் கேட்கப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது. வாழப் போகிறவள் அவள்தான்.

"அவரு சொன்ன நேரம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்பப் போட்டா உடனே தெரியுமா?"

"இந்திய நேரம் உடனே தெரியும். அதுக்கு மேல பஞ்சாங்கம் பாத்துச் சொல்ல ஜோசியர்கிட்டத்தான் போகணும்."

அவள் கையை நீட்டினாள். கொடு என்று கேட்கிறாள் என நினைத்து, லேப்டாப்பைத் தூக்கினேன். அவள் அதை வாங்கித் தன் காலடியில், முன் இருக்கைக்குக் கீழே தள்ளிவைத்து, அதன்மேல் தன் கைப்பையையும் வைத்தாள்.

"அவங்க அம்மா பெஞ்சுல உக்காந்திருந்தது மாதிரி நானும் ஒரு நாளு உக்கார வேண்டி வரும்," என்றாள். "அப்ப எனக்கும் அந்த ஒரு வார்த்த வேணும். மறந்துரு அந்த நேரத்த."

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். வீட்டு வாசலில் கார் நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செட்டி வீட்டு அம்மா தலையை நீட்டியபோது, கேட்பதற்கு முன்னாலேயே, "ஜாடி!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.